படத்தின் ஓரத்தில் நின்ற மடையான்

பல் டாக்டர் அந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் நானும் முகத்துக்கு நேராகவே பதில் சொல்லியிருப்பேன். அவர் பறவை எண்ணுகிற எங்கள் செல்போன் குழுவில் கேட்டார். எட்டுப் பேர் பார்க்க, காலை ஆறே முக்காலுக்கு.

"போன வருஷத்து மஞ்சக்காலி பதிவை இன்னொரு தடவை பாக்கலாமா? கால்ல தெரியுறது நிறமா, சேறா?"

கேள்வியின் வாலில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. கேள்வியைக்கூட மன்னித்துவிடலாம். அந்த முகத்தை மன்னிக்க முடியாது. ஒரு குடும்பத்தைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு சிரிப்பையும் வைப்பது என்ன மரியாதை?

அந்தப் பறவைப் பதிவேடு எங்கள் குடும்பத்தினுடையது. எங்கள் அப்பா ஏரியின் மதகு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். தினமும் நீர்மட்டத்தை அளந்து எழுதுவது அவர் வேலை. அப்படி எழுதிய நோட்டின் வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று, அங்கே இறங்கும் நீர்ப்பறவைகளை எண்ணி எழுதத் தொடங்கினார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்று அது நான்கு தடித்த நோட்டுகள். வருடம் தவறாமல் ஜனவரி இரண்டாம் ஞாயிறு ஏரியைச் சுற்றி நடந்து எண்ணுகிறோம். பதினோரு மணிக்கு மதகு மேடையில் உட்கார்ந்து, எண்ணியதை உரக்க வாசித்து, பதிவேட்டில் மையால் எழுதுகிறோம். ஆட்சேபம் இருந்தால் அந்த மேடையில் சொல்ல வேண்டும். செல்போனில் அல்ல.

முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா இரண்டு விதிகளை எழுதி வைத்திருக்கிறார். அரிய பறவை என்றால் இருவர் தங்கள் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவரின் கையெழுத்து முன்னும் பின்னும் எங்கேயும் செல்லாது.

அந்த இரண்டாவது விதியை அப்பா ஒரே ஒரு முறை நடத்திக் காட்டினார். அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமா, காணாத வாத்து ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார். அப்பா மாமாவின் பெயரைப் பதிவேடு முழுக்கத் தேடித் தேடி அடித்தார். அதற்குப் பிறகு அம்மா பதினோரு வருடம் அண்ணன் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அப்பா இறந்த அன்று மாமா வந்தார். வாசலோடு நின்றுவிட்டுப் போனார். ஒரு வாத்துக்காக இவ்வளவா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நான் அப்பா பக்கம் நின்றேன். இன்றும் அப்படித்தான்.

இப்போது மஞ்சக்காலி விவகாரம். எங்கள் ஏரிக்கு ஒவ்வொரு குளிர்காலமும் பச்சைக்காலி வரும். சேற்றில் ஓடி ஓடி இரை தேடும் சாம்பல் நிறப் பறவை. ஆள் நெருங்கினால் மூன்று முறை கத்திக்கொண்டு எழும்பும். அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இன்னொரு பறவை உண்டு. அதே சாம்பல் முதுகு, அதே வெள்ளை வயிறு. கால் மட்டும் குட்டையாக, மஞ்சளாக இருக்கும். அலகு தடிமன், அதன் அடிப்பகுதியும் மஞ்சள். எங்கள் குழு அதற்கு வைத்த பெயர் மஞ்சக்காலி. உலகத்திலேயே மிகக் குறைவாக மிஞ்சியிருக்கும் பறவை. எங்கள் ஏரியில் யாரும் கண்டதில்லை.

போன ஜனவரியில், எண்ணிக்கைக்கு மூன்று நாள் முன்பு, காலை எட்டரைக்குத் தம்பி போன் செய்தான். என்னைவிட எட்டு வயது இளையவன். மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸ் ஃபேக்டரி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். குழுவில் என்னைப் பெரியவர் என்பார்கள், அவனைச் சின்னவர் என்பார்கள்.

"அண்ணே, மஞ்சக்காலி. மதகுக்கு வடக்கால, சேத்துல. படம் எடுத்துட்டேன். சீக்கிரம் வாங்க."

இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். இப்போதுதான் பறந்தது என்றான். செல்போனில் படத்தைக் காட்டினான். படம் முழுக்கப் பறவை. கால் மஞ்சள், அலகு தடிமன், சந்தேகமே இல்லை. பதிவேடு என் பையில் இருந்தது. 'முதலில் கண்டவர்' என்ற இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். அதன் கீழே நான் போட்டேன்.

நான் அந்தப் பறவையைப் பார்க்கவில்லை. தம்பி பார்த்தான், என் தம்பி பார்த்தால் நான் பார்த்த மாதிரி. அன்று எனக்கு அது தப்பாகவே படவில்லை.

பல் டாக்டரின் கேள்விக்குச் செல்போனில் பதில் எழுத மாட்டேன் என்று முடிவு செய்தேன். குடிநீர் வாரியத்தில் முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்டவன் நான். மண்ணுக்குள் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்பதை என் கோட்டைப் பார்த்துத் தோண்டுவார்கள். என் கோட்டை நம்பித் தோண்டிய யாரும் வெறும் மண்ணைப் பார்த்ததில்லை. சந்தேகம் என்றால் பெரிய தாளில் போட்டுக் காட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

தம்பி துறைமுக வேலையாக வெளியூர் போயிருந்தான். அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி கம்ப்யூட்டரைத் திறந்து தேடினாள்.

"நாம எல்லாருக்கும் அனுப்பின படம் இது மாமா. முழுப்படமும் இருக்கு, அதான் பெரிசா தெளிவா வரும். எது வேணும்?"

"முழுசையே கொடும்மா. அவன்கிட்ட இப்ப சொல்ல வேணாம். டாக்டரம்மா வாயை அடைச்சிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்."

"அவங்க பல் டாக்டர் மாமா. மத்தவங்க வாயைத் திறந்து வைக்கிறதுதான் அவங்க வேலை." சிரித்துக்கொண்டே கொடுத்தாள். கள்ளமில்லாதவள்.

அச்சுக் கடையில் கொடுத்து, இரண்டு அடி அகலத்தில் கெட்டி அட்டையில் ஒட்டி வாங்கினேன். நான்கு நாள் அது என் மேஜையில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கால் முட்டிக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளவுகோல் வைத்து அளந்தேன். பச்சைக்காலியின் அளவையும் அளந்து பக்கத்தில் எழுதினேன். நான்கு நாளும் நான் பார்த்தது அந்தக் கால்களையும் அலகையும் மட்டும்தான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதி அது. அரிய பறவை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது.

எண்ணிக்கை நாளன்று தம்பியின் காரில்தான் போனோம். முப்பது வருடமாக அப்படித்தான். அவன் ஓட்டுவான், நான் முன்சீட்டில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அட்டையைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பின்சீட்டில் வைத்திருந்தேன்.

"என்னண்ணே அது, கண்ணாடியா?"

"டாக்டரம்மாவுக்கு ஒரு பரிசு."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை.  தம்பி மானத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்பில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

ஏரியில் தண்ணீர் குறைவு. வடக்குப் பக்கம் பாதிக்கு மேல் சேறு. குழுவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்பதால் ஆறு பேர்தான் வந்திருந்தோம். ஓய்வு பெற்ற தபால்காரர் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்து கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, ஒரு வெள்ளைக் கொக்கு. பெரிய கொக்கா, நடுக்கொக்கா? அரை மணி நேரமா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மொறைச்சுக்கிட்டிருக்கோம்."

"வாய்க்கோடு பாருங்க. கண்ணோட நின்னுடுதா, கண்ணைத் தாண்டிப் பின்னால போகுதா?"

"காது வரைக்கும் போகுது. எங்க பழைய போஸ்ட் மாஸ்டர் திட்டும்போது இப்படித்தான் போகும்."

"அப்ப பெரிய கொக்கு. எழுதுங்க."

சிரித்தார்கள். பல் டாக்டரும் சிரித்தார். நாற்பது வயது இருக்கும். தொப்பியும் கழுத்தில் விலை உயர்ந்த பைனாகுலரும். என் பக்கத்தில் வந்து, "பெரியவரே, நான் குழுவுல கேட்டது உங்களுக்கு வருத்தமோன்னு..." என்று ஆரம்பித்தார்.

"பதினோரு மணிக்கு மேடையில பேசுவோம் டாக்டரம்மா. முதல்ல எண்ணி முடிங்க."

அவர் முகம் சிவந்து விலகிப் போனார். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. ஒளிக்க விரும்பவில்லை.

நீர்க்காகம் நூற்றுப் பன்னிரண்டு. முக்குளிப்பான் நாற்பத்தேழு. ஊசிவால் வாத்து முந்நூறுக்குப் பக்கம். எண்ணிக்கொண்டே போனோம். வடக்குச் சேற்றுக்கு வந்தபோது, நான் எதிர்பார்த்தபடியே ஐந்தாறு பச்சைக்காலிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேடை வரை காத்திருப்பானேன் என்று தோன்றியது. கால் முழுக்கச் சேறாக உயிருள்ள சாட்சி எதிரே நிற்கிறது. இதைவிட நல்ல சபை கிடைக்காது. காருக்குப் போய் அட்டையைத் தூக்கி வந்தேன். பெட்ஷீட்டை உருவி, கரையோரக் கருங்கல்லில் சாய்த்து நிறுத்தினேன்.

தம்பி அதைப் பார்த்தான். ஒரு கணம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது எங்க கிடைச்சுது?"

"உன் வீட்டுலதான். எங்க கிடைக்கும்?"

"எதுக்குண்ணே இதெல்லாம். அவங்க ஏதோ கேட்டாங்க. விட்டுட்டுப் போலாம். எடுத்து வைங்க."

"உன்னைத் திருடன்னு சொன்ன மாதிரி சொல்லியிருக்காங்க. விட்டுட்டுப் போறதா?"

அவன் தூரமாகப் போய் நின்றுகொண்டான். கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன்.

"டாக்டரம்மா, வாங்க" என்றேன். "டெலஸ்கோப்ல அந்த மூணாவது பச்சைக்காலியைப் பாருங்க. கால் முழுக்கச் சேறு. ஆனா முட்டிக்கு மேல எவ்வளவு நீளம் தெரியுது பாத்தீங்களா? சேறு நிறத்தை மாத்தும். எலும்பைக் குட்டையாக்குமா? இப்ப படத்தைப் பாருங்க. முட்டிக்கு மேல பாதிதான் இருக்கு. அளந்து எழுதியிருக்கேன். அலகோட அடியைப் பாருங்க. அங்கயும் சேறு அப்பிக்கிச்சா?"

அவர் டெலஸ்கோப்பில் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி டெலஸ்கோப்பில் பார்த்தார். குனிந்து, படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை நிதானமாகப் பார்த்தார். பல் பார்க்கிறவருக்கு அந்தப் பொறுமை இருக்கும். நிமிர்ந்தபோது என் கண்ணைப் பார்க்கவில்லை.

"மஞ்சக்காலிதான்" என்றார். "நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க."

தபால்காரர் தொடையில் தட்டினார். "சின்னவரே, இனிமே நீங்க சின்னவர் இல்ல. டீ யாரு வாங்கித் தர்றது?"

தம்பி சிரித்தான் என்று சொல்ல முடியாது. உதடு விலகியது.

எல்லோரும் நகர்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். ஜெயித்தவன் கொஞ்ச நேரம் நிற்பதில் என்ன தப்பு? அட்டையை இரண்டு கையாலும் தூக்கி, ஏரிக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான், அட்டையின் விளிம்புக்கு அப்பால், சேற்றில் நின்றுகொண்டிருந்த ஒரு மடையான் கண்ணில் பட்டது.

மடையானை யாரும் பார்ப்பதில்லை. எல்லாக் குட்டையிலும், எல்லா வாய்க்காலிலும் நிற்கிற சிறு கொக்கு. எண்ணும்போதுகூட அரைக் கண்ணால்தான் எண்ணுவோம். குளிர்காலத்தில் அது அழுக்குப் பழுப்பு. கழுத்து முழுக்கக் கோடு கோடாக இருக்கும். அங்கே நின்றதும் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பின்னால் நின்ற இன்னும் பத்துப் பன்னிரண்டும் அப்படியே.

என் கையிலிருந்த படத்தின் இடது ஓரத்தில், மஞ்சக்காலிக்குப் பின்னால் கலங்கலாக, ஒரு மடையான் நின்றது. நான்கு நாள் என் மேஜையில் நின்ற மடையான். அதன் முதுகு பழுத்த நாவல் பழம் போலக் கருஞ்சிவப்பு. கழுத்தில் ஒரு கோடுகூட இல்லை. தலைக்குப் பின்னால் கொண்டை இறகு தொங்கியது. மடையான் அந்த உடுப்பைக் கூடு கட்டும் காலத்தில்தான் போடும். மே, ஜூன், ஜூலை. ஜனவரியில் எங்கள் ஏரியில் அப்படி ஒரு மடையானை நாற்பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

இளம் மஞ்சக்காலிகள் சில, வெயில் காலத்திலும் ஊர் திரும்பாமல் கடற்கரையிலேயே தங்கிவிடும். குளிர்கால உடுப்பையும் மாற்றாது. பறவையை வைத்து மாதம் சொல்ல முடியாது. மடையானை வைத்துச் சொல்லலாம். அதனால்தான் எங்களுக்கு அனுப்பிய படத்தில் அந்த ஓரம் வெட்டப்பட்டிருந்தது.

மூன்று முறை மூச்சு விட்டிருப்பேன்.  

அட்டையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனேன். தம்பி காரின் மறுபக்கம் சாய்ந்து நின்றிருந்தான். எனக்காகத்தான் நின்றிருந்தான்.

"எந்த மாசம்?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்குறேன். எந்த மாசம்? எந்த ஊரு?"

"ஜூன்ல. ஐஸ் ஃபேக்டரி வேலைக்குப் போனப்ப. துறைமுகத்துக்குப் பின்னால சேறு." பிறகு தலையைத் தூக்கினான். "பறவை பொய் இல்லண்ணே. என் கண்ணால பாத்தேன். இருபது நிமிஷம் பாத்தேன். யாரும் சொல்லித் தராம நானே கண்டுபிடிச்சேன். இடமும் தேதியும் மட்டும்தான்..."

"இடமும் தேதியும் மட்டும்தானா? அதை எடுத்துட்டா பதிவேட்டுல மிச்சம் என்னடா இருக்கு? அப்பா ஆயுசு முழுக்க எழுதினது இடமும் தேதியும்தான்."

"அப்பா, அப்பா. எல்லாத்துக்கும் அப்பா." குரல் உயரவில்லை, தடித்தது. "முதல்ல கண்டவர்னு பதிவேட்டுல ஏழு பறவைக்கு உங்க பேரு இருக்கு. ஏழுக்கும் கீழ ரெண்டாவது கையெழுத்து யாரு? அதுல ரெண்டை நான்தான் முதல்ல பாத்தேன். உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்க பேனாவை எடுத்து உங்க பேரை எழுதினீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. மூத்தவன் பெயர் முதலில் வருவது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணப் பத்திரிகையிலிருந்து வீட்டுப் பத்திரம் வரை அப்படித்தான். அதைக் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை. முப்பது வருடம் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் குறையவில்லை, கூடியது. அப்படி மனத்தாங்கல் இருந்தால் என்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். என் சட்டையைப் பிடித்திருக்கலாம். பதிவேட்டில் கை வைத்திருக்கக் கூடாது.

"அதை என்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

கவிழ்த்த அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"யாரும் பாக்கலண்ணே" என்றான் மெதுவாக. "டாக்டரே ஒத்துக்கிட்டாங்க. அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்திடலாம். இதோட முடிஞ்சுது. வெளிய தெரிஞ்சா என் பேரு மட்டுமா போகும்? நீங்க மட்டும் பாத்தா கையெழுத்துப் போட்டீங்க?"

 மாமாவை வாசலோடு நிறுத்திய வீட்டின் மூத்த மகன் நான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன். என் கையெழுத்தும் அவன் கையெழுத்தும் செல்லாது என்றால், இருவர் கையெழுத்துமே உள்ள ஏழு பதிவுகளும் செல்லாது. வாயை மூடிக்கொண்டால் ஏழும் நிற்கும், எட்டாவதும் நிற்கும். எங்கள் வீட்டுப் பெயரும் நிற்கும். எதன் மேல் நிற்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

"வண்டியை எடுக்காதே. மேடைக்கு வா" என்றேன்.

"நான் வரல."

"வராதே. ஆனா போயிடவும் கூடாது."

பதினோரு மணிக்கு மதகு மேடையில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். வாசிப்பது எப்போதும் நான். பதிவேட்டைத் திறந்தேன். இந்த வருடத்துப் பக்கத்துக்குப் போகாமல் போன வருடத்துப் பக்கத்துக்குப் போனேன்.

"எண்ணிக்கைக்கு முன்னால ஒரு திருத்தம்" என்றேன். அட்டையை அவர்கள் முன்னால் நிமிர்த்தினேன். "எல்லாரும் காலைப் பாத்தீங்க. இப்ப இடது ஓரத்தைப் பாருங்க. பின்னால நிக்கிற மடையானைப் பாருங்க. என்ன உடுப்பு போட்டிருக்கு?"

தபால்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நிமிர நேரமாயிற்று. டீயைப் பற்றி எதுவும் பேசவில்லை.

"இது ஜனவரி இல்ல. இந்த ஏரி இல்ல. என் தம்பி பொய் எழுதினான். நான் அந்தப் பறவையைப் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

சொல்லிவிட்டு மை பேனாவைத் திறந்தேன். மஞ்சக்காலி என்ற வரியின் மேல் ஒரே கோடு. அடித்தால் கீழே இருப்பது படிக்கிற மாதிரி அடிக்க வேண்டும். அது அப்பாவின் முறை. பிறகு முதல் நோட்டை எடுத்து அவர் எழுதிய இரண்டாவது விதியை உரக்க வாசித்தேன். மூன்று நோட்டுகளைப் பிரித்து, ஏழு பக்கங்களைத் தேடினேன். எனக்குத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்று மனப்பாடம். பல் டாக்டர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"பெரியவரே, அந்த ஏழையும் எதுக்கு அடிக்கிறீங்க? அதெல்லாம் நீங்க நிஜமாவே பாத்தது."

"விதியை வாசிச்சேனே, காதுல விழலையா?"

"விதின்னா... நம்ம எட்டுப் பேருக்குள்ள தானே." குரலைத் தாழ்த்தினார். "அந்த மடையானை நானும் பாத்தேன். அங்க, கரையில குனிஞ்சப்பவே பாத்துட்டேன். சொல்ல வேணாம்னுதான் நினைச்சேன். பாவம், வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு..."

அவர் முதலில் கேட்ட கேள்விக்கு எனக்கு வந்த கோபமெல்லாம் கோபமே அல்ல. இதுதான் கோபம். பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எங்கள் மானத்தைக் கைக்குட்டையில் முடிந்து தன் பையில் போட்டுக்கொண்டு, போகட்டும் பாவம் என்று கிளம்பியிருக்கிறார். நான் வாயை மூடியிருந்தால், ஒவ்வொரு ஜனவரியும் இந்த அம்மாளின் இரக்கத்தின் மேல் உட்கார்ந்துதான் வாசித்திருப்பேன். எனக்கு அது தெரிந்துகூட இருக்காது.

"டாக்டரம்மா" என்றேன். "சந்தேகப்பட்டீங்க. அதுக்கு நான் கோபப்பட்டேன். ஆனா அது உங்க உரிமை. பாத்ததைச் சொல்லாம விட்டீங்க பாருங்க, அது உங்களுக்கு யாரும் கொடுக்காத உரிமை. எங்க வீட்டு மேல பாவம் பாக்க உங்களை யாரு கேட்டா?"

அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

ஏழையும் அடித்தேன். அவற்றில் இரண்டில், அடிப்பதற்கு முன், 'முதலில் கண்டவர்' என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, தம்பியின் பெயரை மேலே ஏற்றி எழுதினேன். பிறகு அவன் பெயரின் மேலும் கோடு போட்டேன். வரிசை சரியாக இருந்தால்தான் அடித்ததும் சரியாக இருக்கும். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நான்கு நோட்டுகளையும் பேனாவையும் பல் டாக்டரின் மடியில் வைத்தேன்.

"இனி நீங்க எழுதுங்க."

"நானா?"

"ஓரத்தைப் பாக்கத் தெரிஞ்ச ஆள் இங்க நீங்க ஒருத்தர்தான். பாத்ததை மறைக்க மாட்டேன்னு மட்டும் இவங்க முன்னால சொல்லுங்க."

அவர் தபால்காரரைப் பார்த்தார். மற்ற இருவரையும் பார்த்தார். "மறைக்க மாட்டேன்" என்றார். பேனாவின் மூடியை வெடுக்கென்று திறந்தார். அழுகையா, கோபமா தெரியவில்லை. கோபமாக இருந்தால் நல்லது.

வாசிப்பு தொடங்கியது. நீர்க்காகம், நூற்றுப் பன்னிரண்டு. முக்குளிப்பான், நாற்பத்தேழு. பெரிய கொக்கு, ஒன்பது. அவர் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது, பொறுத்துக்கொண்டேன். மடையானுக்கு வந்ததும் நிமிர்ந்தார். வடக்குச் சேற்றில் மடையானை எண்ணும் வேலை என்னுடையது.

"மடையான் எத்தனை, பெரியவரே?"

அறுபத்து மூன்று. அட்டையைக் காருக்குக் கொண்டுபோகும் வழியில், ஒன்று விடாமல் எண்ணியிருந்தேன். அறுபத்து மூன்றும் பழுப்பு.

"என் எண்ணிக்கை செல்லாது" என்றேன். "போய் எண்ணிட்டு வாங்க."

 அவர் நோட்டைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு, பைனாகுலரை எடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்கு நடந்தார். வெயில் ஏறிவிட்டது. அரை மணி நேரம் எல்லோரும் காத்திருந்தோம். திரும்பி வந்து, "அறுபத்தொண்ணு" என்றார்.

இரண்டை விட்டுவிட்டார். மதகுக்குக் கீழே நாணல் மறைவில் நிற்கும் இரண்டை. செல்லாத எண்ணிக்கையை வைத்துத் திருத்த எனக்கு உரிமை இல்லை. அறுபத்தொன்று என்று எழுதினார்கள்.

தம்பி போயிருக்கவில்லை. காரில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். முன்பக்கக் கதவை உள்ளிருந்து திறந்து வைத்திருந்தான். நான் அதைச் சாத்தினேன். பின்கதவைத் திறந்து, அட்டையையும் பெட்ஷீட்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

கண்ணாடியில் அவன் கண் என்னைத் தேடியது. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் அடிச்சிட்டீங்களா?" என்றான்.

"ரெண்டுல உன் பேரை முதல்ல எழுதினேன். அப்புறம் அடிச்சேன்."

வெகுநேரம் அவன் கியரைப் போடவில்லை. நானும் வண்டியை எடு என்று சொல்லவில்லை.